உப்பு சரியாகத்தான் இருந்தது

தன் கணவருடைய எவர்சில்வர் சாப்பாட்டுக் கேரியரின் மேல் தட்டை என் மூக்குக்கு நேராக நீட்டியபடி எதிர் வீட்டு அக்கா நின்ற சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இரண்டாவது மாடியில் எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் நடுவே நாலடி இடம்தான். அந்த நாலடியில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "இத கொஞ்சம் மோந்து பாரு. என்ன வாடை வருது?" என்று கேட்டார். தட்டு கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஆனால் விளிம்பு மடங்குகிற இடத்தில் வாடை தங்கியிருந்தது. மீன் தின்று வளர்ந்தவள் நான். குனிந்து மோந்து பார்க்கவே வேண்டியதில்லை. "மீனுக்கா. மீன் கொழம்பு" என்றேன். அக்கா தட்டைத் திருப்பித் தன் மூக்கருகே கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார். சைவக் குடும்பத்தில் பிறந்து சைவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். முட்டை கூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். கல்யாணமாகி கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு வந்து எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் டெக்னீஷியன். அக்காவின் கணவர் அதே செக்‌ஷனில் ஃபோர்மேன். எல்லாரும் சார் என்போம். எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டும் வெவ்வேறு ஊர். அக்கா திருநெல்வேலிப் பக்கம், நான் செங்கல்பட்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த 'இன்னா', 'கீது' எல்லாவற்றையும் கல்யாணத்தோடு மூட்டை கட்டச் சொல்லியிருந்தார் என் வீட்டுக்காரர். கோபம் வந்தால் மட்டும் அது தானாக அவிழ்ந்துகொள்ளும். அக்காவோடு பேசும்போது அடிக்கடி அவிழும். அக்கா அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எனக்கு இருபத்து நாலு வயது, அவருக்கு முப்பத்தைந்து இருக்கலாம். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நாங்களும் பேசமாட்டோம்.

அக்காவின் பதிபக்தி எனக்கு ஆரம்பத்திலிருந்தே எரிச்சல். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. காலையில் ஸ்டாஃப் பஸ் முனை திரும்பும் வரைக்கும் பால்கனியில் நிற்பார். சார் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஜன்னலோர சீட்டில் பேப்பர் விரித்துவிடுவார். சாயங்காலம் அவர் வரும் நேரத்துக்கு முகம் கழுவி, பூ வைத்து, அடுப்பில் டிக்காஷன் கொதிக்க வைத்திருப்பார். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவருக்குச் சோறு. அரைநாள் டியூட்டியான ஒரு சனிக்கிழமை சார் ஓவர்டைம் என்று சொல்லாமல் இருந்துவிட, அக்கா மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட்டார். சாப்பிடும்போது நான் போய் நன்றாகத் திட்டினேன். "சாரு இன்னா சின்னப் புள்ளையாக்கா, பசிச்சா கேட்டுத் துன்னமாட்டாரா?" என்றேன். "பழகிட்டு" என்றார் அக்கா. அவரிடம் எந்தக் கேள்விக்கும் அந்த ஒரு பதில்தான் இருந்தது. சாரும் கெட்ட மனிதர் இல்லை. படியில் பார்த்தால் "வாம்மா" என்பார், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவர்மேல் கோபப்படவும் வசதியாக இல்லை.

அந்த ஆடி மாதத்தில்தான் சார் சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ்ஸில் வருவது நின்றது. சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சதுரங்கப்பட்டினம் ஸ்டாப்பிலேயே இறங்கிப் பழைய டச்சுக் கோட்டைப் பக்கம் ஒரு சுற்று நடந்துவிட்டு ஏழு மணிக்கு வர ஆரம்பித்தார். கேரியரில் மீன் வாடை வந்தது அதற்குப் பிறகு. அக்கா கேட்டபோது, செக்‌ஷனில் யாரோ வற்புறுத்திப் பங்கு வைத்தார்கள், மறுக்க முடியவில்லை என்றாராம். இதை அக்கா என்னிடம் நம்பிக்கையோடு சொன்னார். எனக்கு மீன் பெரிதாகப் படவில்லை. அந்தக் கேரியர் கழுவித் துடைத்து வந்திருந்ததுதான் உறுத்தியது. பத்து வருஷத்தில் தான் குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத மனிதர் அவர். அடுக்கி, துடைத்து, ஈரம் போகக் கவிழ்த்து, கொக்கி மாட்டி அனுப்பியது ஒரு பெண் கை. இது எனக்குத் தெரியும்போது அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. மறுவாரம் என்னிடம் வந்து, "அவுகளுக்கு மீன் ஆசை வந்திருக்கு போல. கூச்சப்பட்டுட்டு வெளிய சாப்பிடுதாக. நாமளே செஞ்சு கொடுத்துட்டா என்ன? நீ சொல்லித் தருவியா?" என்றார். 'மீனை விடுங்கக்கா, கழுவினது யாரு?' என்பது என் நாக்கு நுனியில் நின்றது. சரி என்று தலையாட்டினேன்.

செவ்வாயும் வெள்ளியும் தவிர மற்ற நாட்களில் சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் பிளாக்குக்கு வருவார். மாடிப்படி அடியில் கூடையை இறக்கிவைத்து ஒரு குரல் கொடுப்பார். அக்கா முதல்முறை மீன் வாங்க இறங்கியதைப் பார்க்க மூன்று மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கூடையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். மீன்காரம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மீனு கடிச்சிடுமா? கிட்ட வா" என்றார். நான் சங்கராவாகப் பொறுக்கி எடுத்தேன். செவுளைத் திறந்து சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று காட்டியபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. மீனுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி அரிவாள்மணை, எல்லாம் பால்கனி மூலையில் ஒரு பழைய பக்கெட்டில். சமைக்கும் முன் பூஜை அலமாரிக்குத் திரை. மஞ்சளும் உப்பும் போட்டு ஒரு மீனைப் பத்துத் தடவை அலசினார்; கடைசியில் அதில் மீன் ருசி மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம். செதில் தேய்க்கும்போது முதுகு குலுங்கியது. எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார். ருசி பார்க்கமாட்டார். அதற்கு நான் போகவேண்டும். கரண்டியில் ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விடுவார். உப்பு, புளி, காரம் சரியா என்று நான் சொல்லவேண்டும். சார் முதல்நாள் தட்டைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். பிறகு குனிந்த தலை நிமிராமல் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கு வந்து, பரீட்சையில் தேறிய பிள்ளை போல அதைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த முறத்தை வைத்த வேகத்தில் அரிசி சிந்தியது. முப்பத்தைந்து வருஷம் தொடாததைத் தொட்டு, வாந்தி எடுத்து, ஒரு மனிதனை வீட்டுக்கு இழுக்க இவ்வளவு பாடா? கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்விதானே?

பிளாக்கில் இதற்குள் விஷயம் ஊறிவிட்டது. கோட்டைக்குப் போகிற வழியில் புருஷன் விட்டுப்போன ஒரு பெண் இட்லிக் கடை வைத்திருந்தாள். சாரின் நடை அந்தக் கடையோடு முடிகிறது என்று முதல் மாடியில் சொன்னார்கள். மூன்றாம் மாடியில் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயடியில் அக்கா குடத்தோடு வருவது தெரிந்தால் பேச்சு டிவி சீரியலுக்குத் தாவும். அக்கா எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். பிறகு குடத்தை வைத்துவிட்டு, அவரும் சீரியலைப் பற்றியே கேட்பார். நான் என் வீட்டுக்காரரிடம் புலம்பியபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "வாயை மூடிட்டு இரு. எனக்கு வருஷாந்திர ரிப்போர்ட் எழுதுறது அவரு." அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு இண்டர்வியூ இருந்தது. இதையும் நான் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். அடுத்த வீட்டுக் குடும்பத்தில் கலகம் பண்ணக்கூடாது என்று நான் அப்போது பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டதற்கு அடியில் அந்த இண்டர்வியூவும் கிடந்தது.

கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை. அக்கா பாத்திரம் எடுக்க மேலே போயிருந்தார். மீன்காரம்மா என்னை மட்டும் பார்த்து, யதார்த்தமாகக் கேட்டார். "இந்த வூட்டு சாரு பத்து நாளா கரையாண்ட வந்து பால்சுறா வாங்கிகினு போறாரு. வூட்ல யாருக்கு கொழந்த பொறந்து கீது?"  மீன் தின்று வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. பால்சுறாவை யாரும் சும்மா ஆசைக்குத் தினமும் வாங்கமாட்டார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று புட்டு செய்து போடுவதற்குத்தான் பத்து நாள், பதினைந்து நாள் என்று தொடர்ந்து வாங்குவார்கள். என் தங்கைக்கு என் அம்மா செய்து போட்டதை நானே பார்த்திருக்கிறேன். சொந்தக்காரப் பெண் யாரோ வந்திருக்கிறாள் என்று எதையோ உளறினேன். மீன்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, மீனைத் திருப்பிப் போட ஆரம்பித்தார்.

அதற்குள் அக்கா படியிறங்கி வந்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். முழுதாகச் சொல்லத் துணிவில்லை, முழுதாக மறைக்கச் சாமர்த்தியமும் இல்லை. "சார் கரையில பால்சுறா வாங்குறாராம்க்கா. அவருக்கு அது பிடிக்கும் போல" என்றேன். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். தினமும் வாங்குகிற மீன் வீட்டுக்கு வரவில்லையே, எங்கே போகிறது என்று அக்கா கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்ப அதையே செஞ்சிருவோம். ஞாயித்துக்கிழமை கொண்டா" என்று மீன்காரம்மாவிடம் சொன்னார். மீன்காரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

நடுவில் நாலு நாள் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டே இருந்தேன். சுறாவுக்குச் சூடு அதிகம், சர்க்கரைக்கு ஆகாது, உரிப்பது கஷ்டம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்டுக்கொண்டே பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல் போலிருக்கும் தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் பச்சை மிளகாயும் வதக்கி அதில் போட்டுக் கிளறுவதுதான் வேலை. உதிர்க்கும் வேலையை அக்காவே செய்தார். அன்றைக்கு வாந்தி எடுக்கவில்லை. கடைசியில் வழக்கம்போல ஒரு சிட்டிகை என் உள்ளங்கையில் வைத்து, "உப்பு பாரு" என்றார். பார்த்தேன். "சரியா இருக்குக்கா" என்றேன்.

சார் தட்டின் முன் உட்கார்ந்தார். நான் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன், அக்கா போகவிடவில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் அக்கா புட்டை வைத்தார். சாரின் கை தட்டுக்கு மேலே நின்றது. "இது என்னது?" என்றார். "பால்சுறாப் புட்டு. உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னாங்க" என்றார் அக்கா, சாதாரணமாக. சார் முதலில் அக்காவைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு வாய் கூட வைக்காமல் எழுந்தார். சோறே தொடாத கையைக் குழாயில் வெகுநேரம் கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அக்கா தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எதிரே ஓடிய மின்விசிறியில் அவர் நெற்றி முடி ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவுக ஏன் எந்திரிச்சுட்டாக?"

அந்தக் கேள்வி என்னிடம் வந்தது. வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. கதவு சாத்தியிருந்தது, சார் போய்விட்டார், எனக்கு எல்லாம் தெரியும். இதைவிட வசதியான ஒரு நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான், "உப்பு கூடிப்போச்சோ என்னமோக்கா" என்றேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இருக்கும்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்றிலிருந்து சார் என்னிடம் பேசவில்லை. 'வாம்மா' நின்றது. நான்தான் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். சொல்லாத பாவத்துக்கு நான் அந்தத் தண்டனையையும் அனுபவித்தேன். வெளியே பார்த்தால் எதுவும் மாறவில்லை. அக்கா பால்கனியில் நின்றார், பூ வைத்தார், டிக்காஷன் கொதித்தது. இன்னும் கேவலம், மீன் வாங்குவதையும் நிறுத்தவில்லை. மீன்காரம்மா குரல் கேட்டதும் எனக்கு முன்னால் இறங்கிவிடுவார். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டு பால்சுறாதான் பொறுக்குவார். உப்பு பார்க்க மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை. மனிதர் தட்டில் கை வைக்காமல் எழுந்துபோன பிறகும் அதையே செய்து அதையே வைத்துக் கெஞ்சுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்குச் சூடு சொரணையே கெடையாதாக்கா?" என்று ஒருநாள் முகத்துக்கு நேராகக் கேட்டேன். தினமும் ஒருமுறையாவது எதிர் வீட்டுக்குப் போய் இப்படி ஏதாவது ஏசிவிட்டு வருவது என் வழக்கமாகிவிட்டது. அக்கா கோபித்துக்கொண்டதே இல்லை. நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கிளம்பும்போது, "அவ்வளவுதானா?" என்பார். கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மறு வருஷம் சாரின் மாலை நடை நின்றுபோனது. ஐந்தே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்து, நாங்கள் டவுன்ஷிப்பின் அந்தக் கோடியில் பெரிய குவார்ட்டர்ஸுக்கு மாறினோம். அக்காவைக் கோயிலிலோ மார்க்கெட்டிலோ எப்போதாவது பார்ப்பதோடு சரி.

இரண்டாயிரத்து ஒன்றில் என்று நினைக்கிறேன், சதுரங்கப்பட்டினத்துக்கு மீன் வாங்கப் போனபோது கோட்டைச் சுவர் ஓரத்தில் அந்த மீன்காரம்மா கடை போட்டிருந்தார். மூட்டு வலி, கூடை தூக்க முடியவில்லையாம். திருநெல்வேலி அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். உங்களிடம்தானே விடாமல் மீன் வாங்கிக்கொண்டிருந்தார் என்றேன். "அந்தம்மா எங்க மீனு துன்னுச்சு?" என்று சிரித்தார். "ஆறு மாசம் பால்சுறாவ பொறுக்கிக் குடுக்கும். கூடைலயே வச்சுகினு போய் அந்தப் பொண்ணாண்ட குட்துடுன்னும். நானும் குட்துகினு இருந்தேன்." எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. அவரே முகவாயால் காட்டினார். இட்லிக் கடை இருந்த இடத்தில் சைக்கிள் பஞ்சர் கடை இருந்தது. முதல் தடவை அந்தப் பெண் வாங்கவில்லையாம். இரண்டாவது தடவை அழுதாளாம். பிறகு வாங்கிக்கொண்டாளாம், பிள்ளைக்குப் பால் வேண்டுமே. சார் வந்தால் கடையைச் சாத்திவிடுவாளாம். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் செய்யூர்ப் பக்கம் தன் கூடப்பிறந்தவள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். பிள்ளை யாருடையது என்று கேட்டேன். "அத நானும் கேக்கல, அதுவும் சொல்லல" என்றார் மீன்காரம்மா, தராசைத் துடைத்துக்கொண்டே.

இதைக் கேட்டால் மனம் உருகவேண்டும் என்று தெரிகிறது. எனக்கு உருகவில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் கோபம்தான். கட்டியவள் மீன் வாங்கிக் கொடுத்தாள், மற்றவள் வெட்கப்பட்டு ஊரைவிட்டுப் போனாள், நடுவில் அந்த மனிதரிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தார். இது புத்திசாலித்தனமா, அப்பாவித்தனமா, பெருந்தன்மையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் அதில் லாபம் அவருக்குத்தான் போயிற்று. ஒருநாள் அக்காவைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுவிடவேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதற்குள் சார் ஓய்வு பெற்று அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

இரண்டாயிரத்து எட்டில், பழைய செக்‌ஷன் ஆள் ஒருவர் மகள் கல்யாணத்தில் அந்த நாள் வந்தது. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த மண்டபம். அக்கா நரைத்திருந்தார், கொஞ்சம் இளைத்திருந்தார். சார் பந்தியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தார். பார்க்க வேடிக்கையாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் நான் அக்காவைக் கையைப் பிடித்து வெளியே நிழலில் போட்டிருந்த நாற்காலிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மீன்காரம்மா எல்லாம் சொன்னார் என்றேன். "அவ நல்லா இருக்காளா? மூட்டு வலின்னு சொல்லிட்டே இருப்பா" என்றார். சாரை ஒரு தடவையாவது கேட்டீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். அவ்வளவுதான், பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். உங்களைப் போல இருந்தால் எந்த ஆம்பளைக்குத்தான் பயம் இருக்கும், வாயைத் திறந்து கேட்க என்ன கேடு, ஒரு மனுஷி இப்படியா கல்லாட்டம் இருப்பாள் என்றெல்லாம் கேட்டேன். அக்கா பழையபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தார். முடிந்ததும், குரல் உயராமல் கேட்டார்.

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

 அக்காவே பேசினார். "உப்பு சரியா இருக்குன்னு ருசி பாத்துச் சொன்னதும் நீதான். அவுக எந்திரிச்சுப் போனப்புறம் உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னதும் நீதான். அந்நேரமே எனக்கு விளங்கிட்டு. மறுநா கீழ போயி பால்சுறா யாருக்குக் கொடுக்கதுன்னு மீன்காரிகிட்ட கேட்டுக்கிட்டேன்." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு இந்தப் பழக்கம் புதிது. "எங்க அண்ணனுக்கு லெட்டர் போட்டேன். வந்து கூட்டிட்டுப் போறேன், ஆனா யார் பாத்தா, யார் சொன்னான்னு எழுதுன்னான். மீன்காரி சொன்னான்னு எழுத முடியுமா? பிள்ளையும் இல்ல. சும்மா போய் நின்னா சந்தேகப்பட்டு வந்தவன்னுதான பேரு. நீ படிச்ச பிள்ள. ஒரே செக்‌ஷன் ஆளு சம்சாரம். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா போயிருப்பேன். பெட்டிய அடுக்கிக் கட்டிலுக்கு அடியில ரெண்டு மாசம் வச்சிருந்தேன். தினம் நீ வருவ. இன்னைக்குச் சொல்லிருவான்னு ஒன் மூஞ்சியவே பாத்துட்டு இருப்பேன். நீ என்னைய ஏசிட்டுப் போயிருவ."

அதில் கோபமே இல்லை. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். பெட்டியை எப்போது பிரித்தார் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் பதவி உயர்வு என்று லட்டு கொடுக்க நான் வந்தேனே, அன்றைக்கு என்றார்.

சார் மண்டபத்து வாசலில் வந்து நின்று பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சைகை காட்டினார். அக்கா உடனே எழுந்துகொண்டார். எழுந்த வேகம் எனக்கு அப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது. சார் வந்து அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா என்றார் அக்கா. மன்னித்துவிடுங்கள் அக்கா என்று சொல்லவேண்டும். அந்த மனிதரை வைத்துக்கொண்டே சொல்லவேண்டும், அப்போதுதான் அவருக்கும் கேட்கும்.  அக்கா ஒரு நொடி நின்று என் வாயைப் பார்த்தார்.

"வெயிலா இருக்கு, பாத்துப் போங்கக்கா" என்றேன்.